நோட்டு நிறையக் கொண்டை

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாளே அவளுடைய சொந்தப் பெயர் காணாமல் போயிற்று. அங்கே எல்லாருக்கும் அதே கதிதான். எந்தப் பாடம் நடத்துகிறார்களோ அதுவே பெயர். உளவியல் நடத்துகிறவர் உளவியல் சார். கணக்கு கற்பிக்கும் முறை நடத்துகிறவர் எந்நேரமும் ஒரு மர ஸ்கேலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரிவதால் அளவுகோல். அவளுக்குக் கிடைத்த பாடம் 'வகுப்பறையில் பன்மை'. அதனால் பன்மை மேடம். "ஆளு ஒண்ணு, பேரு பன்மை" என்று அளவுகோல் முதல் வாரமே ஒரு ஜோக் அடித்தார். பதினொரு வருஷமாக அதையேதான் அடித்துக்கொண்டிருக்கிறார், மனுஷனுக்கு அலுக்கவே இல்லை.

அது என்ன பாடம் என்று கேட்டால், பெரிய பிரம்ம வித்தை ஒன்றும் கிடையாது. ஒரு வகுப்பில் உட்காரும் குழந்தைகள் ஒரே அச்சில் வார்த்தவர்களாக இருக்கமாட்டார்கள். ஒருத்திக்கு வீட்டில் பேசுவது வேறு மொழி. ஒருத்தனுக்குக் கண் மங்கல். இன்னொருத்தன் பாதி வருஷத்தில் வேறு ஊரிலிருந்து வந்து சேர்ந்து, முழிபிதுங்கி உட்கார்ந்திருப்பான். இவர்களில் யாரையும் விட்டுவிடாமல் பாடம் நடத்துவது எப்படி என்று நாளைய ஆசிரியர்களுக்குச் சொல்லித்தரும் பாடம். இவ்வளவுதான். ஆனால் கால அட்டவணையில் இதற்கு ஒதுக்கிய இடம் வெள்ளிக்கிழமை கடைசி மணி. அந்த ஒரு மணியையும் விளையாட்டு விழா ஒத்திகை, விருந்தினர் வரவேற்பு, மேசை நகர்த்தல் என்று ஆளாளுக்குக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். திருப்பித் தந்ததாகச் சரித்திரமே இல்லை.

அவளும் சளைக்காமல் நடத்தினாள். ஒவ்வொரு வருஷமும் முதல் வகுப்பில் ஒரு கேள்வி கேட்பாள்: "உங்கள்ல யாருக்காவது பாக்கறதுல, கேக்கறதுல, எழுதறதுல ஏதாவது சிரமம் இருந்தா என்கிட்ட சொல்லுங்க. கை தூக்குங்க." பதினொரு வருஷத்தில் ஒரு கை எழுந்ததில்லை. கூச்சம், வேறென்ன என்று நினைத்துக்கொண்டு பாடத்துக்குப் போய்விடுவாள். பரீட்சையில் நாற்பது பேரும் 'ஒவ்வொரு குழந்தையும் தனித்தன்மை வாய்ந்தது' என்ற ஒரே வரியில்தான் பதிலை ஆரம்பிப்பார்கள். தனித்தன்மையைப் பற்றி நாற்பது பேர் ஒரே வரி எழுதினால் திருத்துகிறவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றாதா?

பிள்ளைகளையாவது மன்னிக்கலாம். ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருக்கிற பெரியவர்களை என்ன செய்வது?

"நான் எல்லாரையும் ஒரே மாதிரிதான் பாக்கறேன் மேடம். எனக்கு வித்தியாசமே தெரியாது" என்பார் உளவியல் சார், அதைப் பெருமையாக.

"அதுதான் சார் பிரச்சினையே."

"அறுவது குழந்தைங்க உக்காந்திருக்கிற வகுப்புல ஒண்ணொண்ணுக்கும் தனித்தனியா ஊட்டிவிட முடியுமா? இதெல்லாம் வேலைக்குப் போனா தானா வந்துடும்" என்பார் அளவுகோல், ஸ்கேலால் முதுகைச் சொறிந்துகொண்டே.

"முப்பது வருஷமாச்சே சார், உங்களுக்கு வந்துடுச்சா?"

அவர் சிரித்துவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விடுவார். சண்டைக்காவது வந்தால் தேவலை. இவர்கள் சிரிப்பார்கள், அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்தச் சிரிப்புக்கு நடுவில் அவள் சாதித்தது ஒன்றே ஒன்று, ஏழாம் வரி. மாணவ ஆசிரியர்கள் பள்ளிக்கூடத்தில் போய்ப் பாடம் நடத்திக் காட்டும் செய்முறைத் தேர்வுக்கு ஒரு மதிப்பெண் தாள் உண்டு. அதில் பத்து வரி, வரிக்குப் பத்து மதிப்பெண். குரல், கரும்பலகை, நேரம் என்று போகும் அந்தப் பட்டியலில், 'எல்லாக் குழந்தைகளையும் உட்படுத்துதல்' என்று ஏழாவதாக ஒரு வரியைச் சேர்க்க அவள் மூன்று வருஷம் மல்லுக்கட்டினாள். முதல்வர் அறைக்கு நடந்து நடந்து செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம் என்று நினைத்த நாளில் அனுமதி கிடைத்தது. அந்த வரிதான் இந்தக் கதையில் வினையாக வந்து நின்றது.

இரண்டாம் ஆண்டு வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். முதல் நாளிலிருந்து முன்பெஞ்சு நடுவிடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காததால் கூடப் படிக்கிறவர்கள் வைத்த பெயர் முன்பெஞ்சு. ஆசிரியரின் முகத்தை வைத்த கண் வாங்காமல் பார்ப்பாள், தலையை ஆட்டுவாள். காக்கா பிடிக்கிறாள் என்று மற்றவர்கள் கேலி செய்தார்கள். பன்மை மேடத்துக்கு அவளைப் பிடிக்கும். வெள்ளிக்கிழமை கடைசி மணியில் தூங்காமல் தலையாட்டுகிற ஒரு ஜீவனைப் பிடிக்காமல் போகுமா? ஆனால் அந்தப் பெண் போன வருஷம் செய்முறைத் தேர்வில் தவறியிருந்தாள். 'வகுப்பைக் கவனிப்பதில்லை' என்று எவரோ எழுதியிருந்தார்கள். இரண்டாவது தடவையும் தவறினால் கல்லூரியிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள். அதற்கப்புறம் ஆசிரியர் வேலையை மறந்துவிட வேண்டியதுதான்.

அந்த இரண்டாவது தடவை புதன்கிழமை நடந்தது. கல்லூரிக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம், மூன்றாம் வகுப்பு, முப்பத்திரண்டு குழந்தைகள். பாடம் பின்னங்கள். மதிப்பெண் போட இரண்டு பேர், அளவுகோலும் பன்மை மேடமும். இருவரும் கடைசி வரிசைக்குப் பின்னால், குழந்தைகளுக்கான குட்டி பெஞ்சில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள்.

முன்பெஞ்சு சுவரில் ஒட்டிய பெரிய தாளில் ஒரு வட்டம் வரைந்து, நாலாகப் பிரித்து, ஒரு பங்குக்குச் சாயம் தீட்டினாள். கேள்வி கேட்டாள். பதிலை வாயால் சொல்ல விடாமல் சிலேட்டில் எழுதித் தூக்கிக் காட்டச் சொன்னாள். முப்பத்திரண்டு சிலேட்டும் மேலே போயின. அப்புறம் அவள் அடுத்த படத்தை வரையத் திரும்பியபோது கடைசி வரிசையில் ஒரு சின்னப் பெண் கூப்பிட்டாள்.

"டீச்சர்."

முன்பெஞ்சு வரைந்துகொண்டிருந்தாள்.

"டீச்சர், எனக்குப் புரியல."

வரைந்துகொண்டேயிருந்தாள்.

"டீச்சர்!"

திரும்பவில்லை. பன்மை மேடத்துக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது. ஒன்பது மாதம் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியது இதற்குத்தானா? கடைசி பெஞ்சில் ஒரு குழந்தை புரியவில்லை என்று மூன்று தடவை கூப்பிடுகிறது, இவள் பாட்டுக்குச் சாயம் தீட்டிக்கொண்டிருக்கிறாளே! தாளின் மேல் குனிந்து ஏழாம் வரிக்கு எதிரே இரண்டு மதிப்பெண் போட்டாள். குறிப்புக்கான இடத்தில் நாலு வரி எழுதினாள், இடம் போதாமல் ஓரத்திலும் எழுதினாள். நிமிர்ந்தபோது மணி அடித்துக் குழந்தைகள் எழுந்துகொண்டிருந்தன.

வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை. அவள் புருஷன் பஸ் டிரைவர், அன்றைக்குக் காலை ஷிப்ட் முடித்துவிட்டு மேசையில் உட்கார்ந்திருந்தான். பத்தாவது படிக்கும் மகள் எதிரே வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். இவள் அடுப்பைப் பார்த்து நின்றபடி புதன்கிழமை பூராவையும் கொட்டித் தீர்த்தாள்.

"...மூணு தடவைங்க! அந்தக் குழந்தை மூஞ்சியப் பாத்திருந்தா நீங்க அழுதிருப்பீங்க."

"என்ன சொன்ன? அடுப்புகிட்டயா பேசற, என்கிட்டயா?" என்றான் புருஷன்.

"அம்மா எப்பவும் சுவத்துகிட்டதான்பா பேசும். நாமளா புரிஞ்சுக்கணும்" என்றாள் மகள், எழுதுவதை நிறுத்தாமல்.

"எனக்காவது பின்னாடி பாக்கக் கண்ணாடி இருக்கு. உனக்கும் அடுப்பு மேல ஒண்ணு மாட்டித் தரவா?"

"உங்களுக்கெல்லாம் கிண்டலா இருக்கு" என்று கரண்டியை நங்கென்று வைத்தாள். அத்தோடு பேச்சு முடிந்தது.

மறுநாள் மதியத்துக்குள் மதிப்பெண் பட்டியல் ஒட்டிவிட்டார்கள். இருவர் போட்டதும் சேர்ந்து நூறு வந்தால் தேர்ச்சி. பன்மை மேடம் போட்டது நாற்பத்தேழு. அளவுகோல், கஞ்சத்தனத்துக்குப் பேர்போன அளவுகோல், ஐம்பத்தொன்று போட்டிருந்தார். கூட்டினால் தொண்ணூற்றெட்டு. இரண்டு மதிப்பெண்ணில் போயிற்று.

சாப்பாட்டு இடைவேளையில் ஆசிரியர் அறை காலியாக இருந்தது. பன்மை மேடம் வருகைப் பதிவேட்டில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தபோது யாரோ வந்து மேசைக்கு முன்னால் நின்றார்கள்.

"மேடம்."

மேசை விளிம்பில் ஊன்றிய கட்டைவிரலைப் பார்த்தே யார் என்று தெரிந்துவிட்டது, அதில் நேற்றைய சாயம் போகவில்லை. நிமிராமலே ஆரம்பித்தாள்.

"என்னம்மா, மார்க்கப் பாத்துட்டியா? இப்ப வந்து நின்னா? அந்தப் பொண்ணு மூணு தடவ கூப்பிட்டுச்சே, அப்ப எங்க போயிருந்துச்சு புத்தி? ஒன்பது மாசம் என் வகுப்புல என்னதான் கத்துக்கிட்ட? சொல்லேன்."

பதிவேட்டில் அடுத்த பெயருக்குப் போனாள்.

"உன்னத்தான் கேக்கறேன்."

"மேடம், கொஞ்சம் என்னப் பாத்துச் சொல்றீங்களா?"

சுர்ரென்று வந்தது. திமிரைப் பார் என்று பேனாவை எறிந்துவிட்டு நிமிர்ந்தாள். "ஏன், காது கேக்காதா உனக்கு?"

"கேக்காது மேடம்."

மணி எத்தனை என்று கேட்டால் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னாள். சொல்லிவிட்டு வலது பக்கத்து முடியை ஒதுக்கிக் காட்டினாள். காதுக்குப் பின்னால் ஒரு சின்னக் கருவி இருந்தது.

ஒன்பது வயதில் வந்த காய்ச்சல். இடது காது அடியோடு போய்விட்டது. வலது காதில் கருவி வைத்தால் கொஞ்சம் விழும், இரைச்சல் இருந்தால் அதுவும் வெறும் உறுமல்தான். மற்றபடி எல்லாம் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வது. அதனால்தான் முன்பெஞ்சு, அதனால்தான் வைத்த கண் வாங்காத பார்வை. காக்கா பிடிக்கிறாளாம்! பன்மை மேடம் பதிவேட்டை மூடினாள்.

"ஏன்மா சொல்லல?"

"சேர்க்கை ஃபாரத்துல எழுதியிருக்கேன் மேடம். நேர்காணல்லயும் சொன்னேன். 'அப்படின்னா இந்த வேலைக்கு எதுக்கு வர, கைத்தொழில் ஏதாவது கத்துக்கலாமே'ன்னு ஒரு சார் கேட்டார். அதுக்கப்புறம் நானா வாயத் திறக்கறதில்ல."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் இல்ல? நான் நடத்தறதே அந்தப் பாடம்தானே?"

பெண் தயங்கினாள். "சொல்லணும்னு நினைப்பேன் மேடம். வெள்ளிக்கிழமை மணி அடிச்சதும் நீங்க பஸ்ஸுக்கு ஓடிடுவீங்க."

அது வாஸ்தவம். நாலு இருபது பஸ்ஸை விட்டால் அடுத்தது ஐந்தே காலுக்குத்தான்.

"சரி, வகுப்புல எப்படிக் குறிப்பெடுத்த? உன் நோட்டைக் காட்டு."

"வேணாம் மேடம்."

"காட்டுன்னா காட்டு."

பையிலிருந்து நோட்டு தயங்கித் தயங்கி வந்தது. பன்மை மேடம் நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்தாள். மணி மணியான எழுத்தில் இரண்டு வரி, அதன் கீழே ஒரு சின்னப் படம். மறுபடி ஒரு வரி, மறுபடி அதே படம். பக்கத்தைப் புரட்டினாள். படம், வரி, படம், படம். என்ன இது, வெங்காயமா? உற்றுப் பார்த்தாள். வெங்காயம் இல்லை, கொண்டை. ஒரு பெண்ணின் பின்னந்தலை, நடுவில் இறுக்கிப் போட்ட கொண்டை, அதில் குறுக்கே செருகிய பென்சில். அந்தக் கல்லூரியில் கொண்டையில் பென்சில் செருகுகிறவள் ஒருத்திதான்.

"தப்பா நினைக்காதீங்க மேடம்" என்று பெண் படபடத்தாள். "நீங்க போர்டுல எழுதிக்கிட்டே பேசுவீங்க. திரும்பிட்டா எனக்கு உதடு தெரியாது. எங்கெங்க விட்டுப்போச்சுன்னு ஒரு அடையாளம் வேணும்ல, அதுக்குத்தான். அப்புறம் பக்கத்துல இருக்கறவகிட்டக் கேட்டு எழுதிக்கலாம்னு. ஆனா அவளும் அந்த மணியில தூங்கிடுவா."

பன்மை மேடம் நோட்டைக் கடைசிவரை புரட்டினாள். ஒன்பது மாதப் பாடம். மழை நாளில் கொண்டை கலைந்திருந்தது. புதுக் கிளிப் வாங்கிய வாரத்தில் கிளிப் இருந்தது. 'யாரையும் விட்டுவிடாமல் பாடம் நடத்தச் சில வழிகள்' என்று தலைப்பு, அதன் கீழே வரிசையாகப் பதினான்கு கொண்டை. அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. அவமானத்தில் காது மடல் எரிந்தது.

"நோட்டு என்கிட்ட இருக்கட்டும்" என்றாள், அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து. "நாளைக்குப் பதினோரு மணிக்கு மார்க் கூட்டம். நீ முதல்வர் அறைக்கு வெளிய வந்து இரு. உன் நோட்டு எல்லாத்தையும் எடுத்துட்டு வா."

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் நாலு பேர். முதல்வர், உளவியல் சார், அளவுகோல், பன்மை மேடம். முதல்வர் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. சிக்கல் வந்தால் விதிப் புத்தகத்தின் பின்னால் ஒளிந்துகொள்கிற ரகம். பன்மை மேடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, "நான் போட்ட ரெண்டு மார்க்க மாத்தணும் சார்" என்றாள்.

"கையெழுத்துப் போட்டுட்டீங்களே மேடம். இன்னிக்கு இவளுக்கு மாத்தினா நாளைக்கு ஊரே வந்து நிக்கும்."

"காது கேக்காத ஒரு பொண்ணுக்குக் காது கேக்கலன்னு மார்க்கக் குறைச்சிருக்கேன் சார். இதைவிட அநியாயம் என்ன வேணும்?"

உளவியல் சார் கனைத்துக்கொண்டார். "நான் கேக்கறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. காது கேக்காதவ வகுப்பை எப்படிச் சமாளிப்பா? ஒரு குழந்தை விழுந்து அலறினா? எனக்கு யார்மேலயும் வித்தியாசம் கிடையாது. எல்லாருக்கும் ஒரே சட்டம்னுதான் சொல்றேன்."

கைத்தொழில் கற்றுக்கொள்ளச் சொன்ன சார் எந்தச் சார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"எல்லாருக்கும் ஒரே சட்டம்னா அந்த ஃபாரத்துல எதுக்கு சார் அப்படி ஒரு கேள்வி? அவ எழுதிக் குடுத்தத ரெண்டு வருஷமா நம்மள்ல ஒருத்தராவது படிச்சோமா?"

"உங்க வரிதானே மேடம்" என்று அளவுகோல் நிதானமாக ஆரம்பித்தார். "ஏழாம் வரி. வேணும் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னீங்க. அதுலதான் அவ விழுந்திருக்கா. என் மார்க்குல பாஸ்."

வயிற்றெரிச்சல் தாங்காமல் அவள் நோட்டை மேசைமேல் போட்டாள். "விழுந்தது அவ இல்ல, நான். பாருங்க. என் பாடம், ஒன்பது மாசம். கொண்டையா இருக்கற இடமெல்லாம் நான் அவளுக்கு முதுகக் காட்டிட்டு நின்ன இடம்."

முதல்வர் புரட்டினார். அவர் மீசை துடித்தது. உளவியல் சார் எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். சிரிக்கட்டும், இந்தத் தடவை சிரிக்க நியாயம் இருக்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அளவுகோல் மட்டும் சிரிக்கவில்லை. அவர் முகத்தில் ஒரு கலவரம் ஓடியது. "என் பாடத்து நோட்டு இருக்கா?" என்றார்.

வெளியே நின்ற பெண்ணிடமிருந்து நோட்டுக் கட்டு உள்ளே வந்தது. அளவுகோல் தன் பாட நோட்டைத் தேடி எடுத்து மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஒரு பக்கம், இரண்டு பக்கம், பத்துப் பக்கம். ஒரு இடம் விடாமல் நிரம்பியிருந்தது. அவர் போட்ட கணக்கு, சொன்ன காரணம், நடுவில் அடித்த ஜோக்கு எல்லாம் இருந்தது. ஜோக்குக்கு எதிரே ஓரத்தில் 'மூன்றாவது தடவை' என்று வேறு எழுதியிருந்தது.

பன்மை மேடத்துக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. அப்புறம் ஞாபகம் வந்தது. இந்த மனுஷன் வகுப்பு தொடங்குவதற்கு இருபது நிமிஷம் முன்னாலேயே போய்ப் பலகை முழுவதையும் எழுதி முடித்துவிடுவார். பிள்ளைகள் வந்ததும் ஸ்கேலோடு அவர்களைப் பார்த்து நின்றால் மணி அடிக்கும்வரை திரும்பமாட்டார்.

"முப்பது வருஷத்துல நான் வகுப்புக்கு முதுகு காட்டினதில்ல" என்றார் அளவுகோல். "முதல் வருஷம் ஒரு தடவ காட்டினேன். சாக்பீஸ் வந்து பிடரியில விழுந்துச்சு. அதோட சரி."

ஆக, பன்மை என்றாலே கொட்டாவி விடுகிறவர் அந்தப் பெண்ணுக்கு ஒரு சொல் விடாமல் பாடம் நடத்தியிருக்கிறார், பிடரிக்குப் பயந்து. பன்மைக்காகவே உயிரை விடுகிறவள் கொண்டை காட்டியிருக்கிறாள். இதை எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது?

"உளவியல் நோட்டும் இதுல இருக்கும் போலிருக்கே" என்று முதல்வர் கட்டைத் துழாவினார். வகுப்பில் மேசைமேல் குனிந்து பழைய குறிப்பை வாய்க்குள்ளேயே வாசிக்கிற உளவியல் சார், "அதெல்லாம் எதுக்கு சார், விஷயத்துக்கு வருவோம்" என்று அவசரமாகக் கட்டை நகர்த்தி வைத்தார்.

அளவுகோல் நோட்டை மூடினார். "விஷயம் என்னன்னா, அந்த மார்க்கே தப்பு" என்றார்.

"என்ன சொல்றீங்க?"

"அந்தச் சின்னப் பொண்ணு கூப்பிட்டுச்சு, இவ திரும்பல, வாஸ்தவம். ஆனா வரைஞ்சு முடிச்சுத் திரும்பினதும் சிலேட்டைத் தூக்கச் சொன்னா. அந்தக் குழந்தை சிலேட்டுல ஒண்ணும் இல்ல. உடனே நேரா கடைசி பெஞ்சுக்குப் போயி, பக்கத்துல உக்காந்து, ஒரு காகிதத்த நாலா மடிச்சுக் காட்டிப் புரியவச்சா. ரெண்டு நிமிஷம். நம்ம மூக்குக்கு முன்னாடிதான் நடந்துச்சு. மேடம் அப்பத் தலையக் குனிஞ்சு எழுதிக்கிட்டு இருந்தாங்க. எனக்கு அந்தச் சிலேட்டு வேலையே பிடிக்கல. பதில வாயால சொல்லணும்னு நினைக்கிறவன் நான். ஆனா கண்ணால பாத்தத இல்லன்னு சொல்ல மாட்டேன்."

முப்பத்திரண்டு சிலேட். சிலேட்டைத் தூக்கினால் கூச்சப்படுகிற குழந்தையும் பதில் சொல்லும், வேறு மொழி பேசுகிற குழந்தையும் சொல்லும், புரியாத குழந்தை எது என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். பதினொரு வருஷமாகப் பன்மை மேடம் எந்த வகுப்பில் பார்க்கத் தவம் கிடந்தாளோ அது அன்றைக்கு அவள் கண்ணெதிரே நடந்திருக்கிறது. அவள் ஏழாம் வரியைப் பற்றி எழுதுவதில் மும்முரமாக இருந்துவிட்டாள்.

"ரெண்டு பேர்ல ஒருத்தர் பிழைன்னு சாட்சி சொன்னா மாத்தலாம், விதி இருக்கு" என்று முதல்வர் நிம்மதியாகப் புத்தகத்தைப் பிரித்தார். "ஆனா காரணம் எழுதணும். மதிப்பீட்டாளரின் கவனக்குறைவுன்னு போடலாமா மேடம்?"

"போடுங்க சார்."

"அடுத்த ரெண்டு வருஷம் நீங்க செய்முறைத் தேர்வுக்குப் போக முடியாது."

"சரி சார்."

"அந்த ஏழாம் வரியையும் எடுத்துடலாம்னு பாக்கறேன். தலைவலி."

"சார், தப்பு நான் பண்ணினது. வரி என்ன பண்ணுச்சு?" அளவுகோல் பக்கம் கையைக் காட்டினாள். "இவரைக் கேளுங்க. பிடிக்காமயே அந்தப் பொண்ணு பண்ணினதப் பாத்திருக்கார். அதைப் பார்க்கணும்னுதான் சார் அந்த வரி!"

அவள் அளவுகோலைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், முதல்வர் கேட்பார். அளவுகோல் ஸ்கேலை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "வேணாம்னு நான் அப்பவே சொன்னேன்" என்றார். அவ்வளவுதான், மனுஷன் ஒரு அங்குலம் நகரவில்லை. ஏழாம் வரியில் இரண்டை அடித்து எட்டு போட்டார்கள். கூட்டினால் நூற்று நாலு. கவனக்குறைவு என்று எழுதியதன் கீழே பன்மை மேடம் கையெழுத்துப் போட்டாள். அடுத்த வருஷத் தாளில் ஒன்பது வரிதான் இருக்கும் என்று குறிப்பேட்டில் எழுதி முடித்துவிட்டு முதல்வர் சாப்பிடப் போனார்.

கடைசி மணிக்கு வகுப்புக்குப் போனபோது அறை காலி. நாற்பது இடத்தில் முப்பத்தொன்பது காலி. ஒலிபெருக்கியில் ஒத்திகைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். முன்பெஞ்சு மட்டும் நடுவிடத்தில் நோட்டை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அறிவிப்பு அவளுக்கு எட்டவில்லை, கூட இருந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. இரண்டு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள், பன்மை மேடத்திடம் பாடம் படித்தவர்கள்!

பெண் எழுந்து நின்றாள். "ரொம்ப நன்றி மேடம். அளவுகோல் சார் சொன்னார், பாஸ்னு."

"எனக்கு எதுக்கு நன்றி? உக்காரு."

பன்மை மேடம் ஒரு நாற்காலியை இழுத்து அவளுக்கு நேரே போட்டு உட்கார்ந்தாள். கைப்பையிலிருந்து அந்தக் கொண்டை நோட்டை எடுத்து முதல் பக்கத்தைப் பிரித்தாள். தேதி, பாடத்தின் பெயர், ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே முதல் கொண்டை, மற்ற எல்லாக் கொண்டையையும்விடக் கவனமாக வரைந்தது. கோட்டுக்கும் அதற்கும் நடுவில் ஒரு சொல்கூட இல்லை.

அவள் அந்த நாளை நினைத்துப் பார்த்தாள். உள்ளே வந்தாள், வணக்கம் வாங்கினாள், சாக்பீஸை எடுத்தாள். பலகையில் பாடத்தின் பெயரை எழுத ஆரம்பித்தாள். எழுதிக்கொண்டே...

நோட்டை அந்தப் பெண்ணின் பக்கம் திருப்பினாள்.

"இந்தக் கொண்டை ஞாபகம் இருக்கா?" என்று விரலை வைத்துக் கேட்டாள்.

"இருக்கு மேடம். முதல் நாள். நீங்க போர்டைப் பாத்து என்னவோ கேட்டீங்க. எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. யாரும் பதில் சொல்லல. நீங்க பாடத்துக்குப் போயிட்டீங்க. பக்கத்துல கேட்டேன், 'ஒண்ணுமில்ல, சும்மா'ன்னா." பெண் கொஞ்சம் முன்னால் சாய்ந்தாள். "என்ன மேடம் கேட்டீங்க?"

பன்மை மேடம் கொண்டையிலிருந்த பென்சிலை உருவி மேசையில் வைத்தாள். முகத்தை நேராக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"உங்கள்ல யாருக்காவது பாக்கறதுல, கேக்கறதுல, எழுதறதுல ஏதாவது சிரமம் இருந்தா என்கிட்ட சொல்லுங்க. கை தூக்குங்கன்னு கேட்டேன்."

அந்தப் பெண் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், நாற்பது பேர் உட்கார்ந்திருக்கிற வகுப்பில் தூக்குவதுபோலவே, சாயம் போகாத வலது கையை மெதுவாகத் தூக்கினாள். பதினொரு வருஷத்தில் அந்தக் கேள்விக்கு எழுந்த முதல் கை அது.